வீட்டுக்கு மொய் எழுதுகிறது சர்க்கார்!

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு காலண்டர் உண்டு. அதில் வருஷத்துக்குப் பதினோரு மாசம்தான்! பன்னிரண்டாவது மாசம் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வருவார். "ஊர்லேர்ந்து பையன் வர்றேங்கறான் சார்..." என்று இழுப்பார். நமக்குப் புரிந்துவிடும். ஒன்று வாடகை ஏறும். இல்லையென்றால் நாம் மூட்டை கட்ட வேண்டும்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார்கள் பெரியவர்கள். ஆனால் ஒரு வித்தியாசம். கல்யாணத்துக்காவது மொய் வரும். வீட்டுக்கு யார் மொய் எழுதுவார்கள்?

எழுதுகிறார்கள் சார்! மத்திய சர்க்கார் எழுதுகிறது. மாநில சர்க்காரும் எழுதுகிறது. அதுவும் முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கென்றே. யாருக்கு, எவ்வளவு, எப்படி என்று விவரமாகப் பார்த்துவிடலாம். அதோடு, பலரும் கேட்க மறந்துபோகிற இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடலாம். மொய் எப்போது வருகிறது?

தாலி கட்டுகிற நேரத்தில் சமையல்காரருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. மொய்க் கவரோ அஞ்சு வருஷமாகத் தவணை தவணையாகத் தபாலில் வருகிறது. அப்படியென்றால்? அங்கேதான் இருக்கிறது விஷயம்!

இரண்டு வாசல்

வீடு வாங்குவதில் இரண்டு வாசல்களைத் தாண்டியாக வேண்டும். முதல் வாசல், கைக்காசு. இரண்டாவது வாசல், மாசத் தவணை.

'பாங்க்கில்தான் லோன் தருகிறார்களே, கைக்காசு எதற்கு?' என்று நினைக்கலாம். வீட்டு விலை முழுவதையும் எந்த பாங்க்கும் தராது. ரிசர்வ் வங்கி அதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவிகிதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவிகிதம். அதற்கும் மேலே போனால் 75 சதவிகிதம்தான். மிச்சம் நம் பையிலிருந்து வர வேண்டும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் போன்ற செலவுகளை இந்த 'வீட்டு மதிப்பில்' சேர்க்கக் கூடாது. பத்து லட்சத்துக்குள் முடிகிற வீட்டுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விலக்கு உண்டு. பத்து லட்சத்துக்குள் வீடு எங்கே இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி சொல்லவில்லை!

ஆக, முதல் வாசலில் நிற்கிறவர் தனி ஆள். பாங்க் அங்கே துணைக்கு வராது. சரி, சர்க்கார் வருகிறதா?

நம்மவர் கணக்கு

கணக்குக்காக ஒரு குடும்பஸ்தரை வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? நம்மவர். மாசச் சம்பளம் 50,000 ரூபாய். வருஷத்துக்கு 6 லட்சம். மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். இதுவரை எந்த ஊரிலும் சொந்த வீடு கிடையாது. புறநகரில், கட்டி முடித்துத் தயாராக இருக்கிற ஒரு புது ஃபிளாட் பார்த்திருக்கிறார்கள். விலை 30 லட்சம்.

நம்மவர் ஆசைப்படுவது மத்திய சர்க்காரின் வட்டி மானியத்துக்கு. பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறங்களுக்காக 2015 ஜூனில் தொடங்கியது. அதில் இருந்த பழைய வட்டி மானியம் நல்ல மொய். குறைந்த வருமானக்காரர்களுக்கு அதிகபட்சம் சுமார் 2.67 லட்சம் ரூபாய், மொத்தமாக ஒரே தடவையில் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நடுத்தர வர்க்கத்துக்கு அது 2021 மார்ச்சோடும், மற்றவர்களுக்கு 2022 மார்ச்சோடும் முடிந்துபோயிற்று.

"அந்தத் திட்டத்துல வாங்கித் தர்றேன் சார், கொஞ்சம் செலவாகும்" என்று இன்றைக்கு யாராவது வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்து அல்ல.

இப்போது இருப்பது இரண்டாவது ரவுண்டு. 2024 செப்டம்பர் 1-ம் தேதி தொடங்கிய 'நகர்ப்புறம் 2.0'. ஐந்து வருஷத்துக்கான திட்டம். அதிலுள்ள வட்டி மானியத்தின் ஜாதகம் இதோ:

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள். கடன் 25 லட்சத்துக்குள். கார்பெட் ஏரியா 120 சதுர மீட்டருக்குள். கடன், 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இந்தக் கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், 12 வருஷம் வரைக்குமான தவணைக் காலத்துக்கு, 4 சதவிகித வட்டி மானியம். எல்லாம் கணக்குப் போட்டு அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். அதுவும் மொத்தமாக அல்ல. வருஷத்துக்கு 36,000 வீதம் ஐந்து தவணை.

நம்மவருக்கு எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. 25 லட்சம் கடன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வட்டி 8.5 சதவிகிதம், 20 வருஷம் என்றால் மாசத் தவணை சுமார் 21,700 ரூபாய். முதல் மாசம் கட்டுகிற 21,700-ல் சுமார் 17,700 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலுக்குப் போவது நாலாயிரம்தான். இப்படிப்பட்ட ஆரம்ப வருஷங்களில் வருஷா வருஷம் 36,000 அசலில் கழிந்தால் சும்மாவா? மாசத் தவணையைக் குறைக்காமல் அதையே கட்டிக்கொண்டு வந்தால் கடன் ஏறக்குறைய இரண்டரை வருஷம் முன்னாலேயே தீரும்.

ஆக, இரண்டாவது வாசலில் சர்க்கார் நன்றாகவே கை கொடுக்கிறது. குறை சொல்லக் கூடாது.

1.80-க்கு 1.80

இப்போது முதல் வாசலுக்கு வருவோம்.

விலை 30 லட்சம். கடன் 25 லட்சம். மிச்சம் 5 லட்சம் நம்மவர் போட வேண்டும். அப்புறம் பத்திரப் பதிவு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் வந்த முறைப்படி, கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு, மதிப்பு 50 லட்சத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 4 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக மொத்தம் 6 சதவிகிதம்.

30 லட்சத்துக்கு 6 சதவிகிதம் எவ்வளவு? கால்குலேட்டர் வேண்டாம். 1.80 லட்சம்!

நன்றாகக் கவனியுங்கள். மத்திய சர்க்கார் அஞ்சு வருஷமாகக் கொடுக்கப் போவது 1.80 லட்சம். பத்திர ஆபீஸில் ஒரே நாளில், ஒரே கவுன்ட்டரில் கட்டப் போவதும் 1.80 லட்சம். ஒருவர் கரண்டியால் ஊற்றுகிறார். இன்னொருவர் அண்டாவோடு அள்ளுகிறார்.

இதுவே பழைய ஃபிளாட்டாகவோ தனி வீடாகவோ இருந்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. ஆக 9 சதவிகிதம். 30 லட்சத்துக்கு 2.70 லட்சம்.

வக்கீல் ஃபீஸ், பாங்க் பிராசஸிங், மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரத்தை பாங்க்கில் அடமானம் வைக்கிற பதிவு, கரன்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றம், ஃபேன், டியூப் லைட், பால் காய்ச்ச ஒரு பாத்திரம்... எல்லாம் சேர்த்தால் நம்மவர் கையில் 7 லட்சமாவது ரொக்கமாக இருந்தாக வேண்டும்.

"ஏங்க, நம்ம கிட்ட எவ்வளவு இருக்கு?"

"நகையை வெச்சா மூணு தேறும்."

"நகையை வெச்சா தேறும்ங்க. அப்புறம் மீக்கறது யாரு?"

வாடகை, ஸ்கூல் ஃபீஸ் போக மாசம் 10,000 மிச்சம் பிடித்தாலும் 7 லட்சம் சேர 70 மாசம் ஆகும். கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதுவரைக்கும் 30 லட்சம் ஃபிளாட் 30 லட்சத்திலேயே நிற்குமா என்ன?

மாசம் 21,700 கட்டக்கூடிய தெம்பு நம்மவருக்கு இருக்கிறது. வாடகையாக ஏற்கெனவே பாதியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவரைத் தடுத்து நிறுத்துவது தவணை இல்லை, அந்த முதல் 7 லட்சம். உதவியோ தவணைக்கு வருகிறது. கால் இருப்பவனுக்குச் செருப்பு கிடைக்கிறது. தாண்ட வேண்டிய சுவருக்கு ஏணி கிடைக்கவில்லை.

சந்தேகம் கேட்கலாமா?

'முதல் வீடு' என்றால் எப்படிக் கணக்கு?

கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். இதுதான் இந்தத் திட்டத்தில் குடும்பம். இவர்களில் யார் பெயரிலும், இந்தியாவில் எங்கேயும் கெட்டி வீடு, அதாவது பக்கா வீடு, இருக்கக் கூடாது. 'சென்னையில் இல்லை, ஊரில் மனைவி பேரில் மாடி வீடு ஒண்ணு இருக்கு' என்றால் சீட்டு கிழிந்தது.

முன்னாடி வேறு திட்டத்தில் வாங்கியிருந்தால்?

கடந்த 20 வருஷத்தில் அரசு வீட்டு வசதித் திட்டம் எதிலாவது பலன் பெற்றிருந்தால் மறுபடி கிடையாது.

வீடு யார் பேரில் இருக்க வேண்டும்?

வீட்டு அம்மா பேரில், அல்லது கணவன்-மனைவி இரண்டு பேர் பேரிலும். குடும்பத்தில் வயது வந்த பெண்ணே இல்லாவிட்டால்தான் ஆண் பேரில் மட்டும். இதுவரை சமையலறைக்கு மட்டும் சொந்தக்காரியாக இருந்தவர், இப்போது பத்திரத்திலும் வருகிறார். திட்டத்தில் எனக்குப் பிடித்த ஷரத்து இதுதான்.

பெண் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையுமாமே?

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் பதியும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சின்ன ஊரில் மனை வாங்குகிறவர்களுக்குப் பிரயோஜனம். நம்மவரின் 30 லட்சம் ஃபிளாட்டுக்கு இல்லை.

கையில் காசு வந்தால் கடனை முன்கூட்டியே அடைக்கலாமா?

தாராளமாக. தனிநபர் வாங்கும், வட்டி ஏறி இறங்குகிற வகை வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனால் ஜாக்கிரதை! மானியத் தவணை வருகிற நேரத்தில் கடன் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதிக்குக் கீழே அடைத்துவிட்டால் மிச்ச மொய் வராது!

பி.எஃப். பணம்?

வீட்டுக்காக எடுக்க வழி உண்டு. உண்மையில் முதல் வாசலில் சம்பளக்காரர்களுக்கு இருக்கிற ஒரே ஏணி அதுதான். எவ்வளவு எடுக்கலாம் என்பதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

35 லட்சத்தில் எங்கே?

இந்த 35 லட்சம் வரம்பு நாடு முழுமைக்கும் ஒன்று. திருநெல்வேலிக்கும் அதுதான், தியாகராய நகருக்கும் அதுதான். மதுரையிலோ திருச்சியிலோ ஊரை ஒட்டி 35 லட்சத்துக்குள் வீடு தேடினால் ஒன்றிரண்டு கண்ணில் படும். சென்னைக்குள் தேடினால்?

"அண்ணா நகர்ல 35 லட்சத்துக்குள்ள ஏதாவது இருக்காங்க?"

"இருக்கு சார். கார் பார்க்கிங் மட்டும் போதுமா?"

சிரிப்பதற்காகச் சொன்னாலும், விஷயம் சீரியஸ். உத்தியோகம் நகரத்துக்குள். மானியத்துக்குத் தகுதியான வீடோ ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகிற தூரத்தில். மாசம் மூவாயிரம் மானியம் என்று கணக்குப் போட்டவர், போக வர ஆகிற செலவையும் நேரத்தையும் அதே காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து ஏணி

இத்தனைக்கும் முதல் வாசலைத் திறந்துவிடுவது எப்படி என்று நம் ஊருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்!

சென்னையில் 1947-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அதுதான் 1961-ல் வீட்டு வசதி வாரியம் ஆயிற்று. அசோக் நகர், கே.கே.நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கைங்கர்யம். 1968-ல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வளர்ந்த அண்ணா நகரும் வாரியம் உருவாக்கியதுதான். அந்தக் கோபுரம் இன்னும் சாட்சியாக நிற்கிறது.

வாரியத்தின் தவணை முறைத் திட்டத்தில் என்ன விசேஷம்? முதலில் ஒரு தொகையைக் கட்டி, குலுக்கலில் பெயர் வந்தால் சாவி கையில். மிச்சத்தை மாசா மாசம், வருஷக் கணக்கில். அதாவது வீட்டில் குடியிருந்துகொண்டே வீட்டை வாங்குவது. குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் இப்படித்தான் 'ஹவுஸிங் போர்டு'க்காரர்கள் ஆனார்கள்.

அதைவிட சுவாரஸ்யம், உலக வங்கிக் கடனுதவியோடு 1977-ல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பக்கங்களில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவில்லை. சின்னச் சின்ன மனையாகப் பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை, கழிப்பறை என்று அடிப்படையை மட்டும் செய்து, தவணையில் கொடுத்தார்கள். 'கையில் காசு வரும்போது நீயே கட்டிக்கொள்' என்றார்கள். பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். முதலில் கீற்றுக் கொட்டகை. அப்புறம் ஒரு ரூம். அப்புறம் மேலே ஒரு மாடி. இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். அடுக்கு மாடிகளும் கடைகளுமாக அசல் நகரமாகவே ஆகியிருக்கிறது.

இதிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. வாரிய வீட்டுக்குத் தவணை முழுவதும் கட்டினால் மட்டும் போதாது. இறுதி விலை கணக்கிட்டு, பாக்கியில்லை என்று கடிதம் வாங்கி, கிரயப் பத்திரம் பதிந்தால்தான் வீடு நம்முடையது. தவணை முடிந்தும் பத்திரம் ஆகாமல் வருஷக் கணக்கில் நடந்தவர்கள் உண்டு. அப்பா காலத்து வாரிய வீட்டில் இருப்பவர்கள் பீரோவைத் திறந்து, கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணையா, கிரயப் பத்திரமா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது உத்தமம்.

சம்பள ஸ்லிப் இல்லாதவர்கள்

நம்மவருக்காவது சம்பள ஸ்லிப் இருக்கிறது. இஸ்திரி வண்டிக்காரருக்கு? பூக்கட்டும் அம்மாவுக்கு? அவர்கள் சம்பாத்தியம் தினம் தினம் கைக்கு வருகிறது; காகிதத்துக்கு வருவதில்லை. பாங்க் காகிதத்தைத்தான் கேட்கும்.

வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இதில் மத்திய சர்க்கார் வீடு ஒன்றுக்கு 1.50 லட்சம் தருகிறது. மாநில சர்க்கார் தன் பங்கைப் போடுகிறது. மீதியை, திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும் ஒரு தொகையை, வீடு பெறுகிறவர் கட்ட வேண்டும். அந்தப் பங்குத் தொகைதான் இவர்களுடைய முதல் வாசல். பாங்க் தயங்கினால் கந்து வட்டிக்காரர் தயங்குவதில்லை!

பாங்க்கின் தயக்கத்தைப் போக்கவும் ஒரு ஏற்பாடு உண்டு. இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் வீட்டுக் கடன் வராமல் போனால் ஈடுகட்ட ஒரு உத்தரவாத நிதி. 1,000 கோடியாக இருந்ததை 3,000 கோடியாக்க 2024-ல் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. நல்ல காரியம். அந்த நிதி இருப்பது கிளை மானேஜரின் மேஜை வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. விலை குறைந்த வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது. சென்னையின் நடுவிலிருந்த குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போன குடும்பங்களைக் கேட்டால் தெரியும். கூரை கெட்டியாயிற்று, ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு அந்த நாலு வீடும் தூரமாகிப் போயிற்று.

கிராமங்களில் கதை வேறு. அங்கே வாங்குவதைவிடக் கட்டுவதுதான் அதிகம். குடிசையில் இருப்பவருக்குச் சொந்த மனை இருந்தால், 360 சதுர அடியில் வீடு கட்ட 3.50 லட்சம் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை 2024-25 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. முதல் வருஷ இலக்கு ஒரு லட்சம் வீடு. இதில் பணம் வீடு எழும்பும்போதே கைக்கு வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் எப்படி?

நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் குடும்பத்தோடு இருக்கிற ஊர். அங்கே 1960-ல் வீட்டு வசதிக் கழகம் ஆரம்பித்தார்கள். 1964-ல் சொந்த வீட்டுத் திட்டம். 1968-ல், நம் பி.எஃப். மாதிரியான சேமிப்பிலிருந்து வீட்டு முன்பணமும் தவணையும் கட்டலாம் என்றார்கள். இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் கழக வீடுகளில்தான்.

முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு வருமானத்தைப் பொறுத்து மானியம். 2024 ஆகஸ்டில் அதன் உச்சவரம்பை 1,20,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், விலைவாசியும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது, அந்த மானியம் சேமிப்புக் கணக்கில் வரவாகி, வீடு வாங்கும்போதே விலைக்குப் பயன்படுகிறது. அதாவது முதல் வாசலிலேயே மொய்!

ஆனால் அங்கே வீடு 99 வருஷக் குத்தகைக்குத்தான். 'கொள்ளுப்பேரன் வரைக்கும் என் வீடு' என்று மார்தட்ட முடியாது. ஒவ்வொரு ஊருக்கு ஒவ்வொரு முறை.

கையெழுத்துக்கு முன்...

மானியம் கிடைக்கிறது என்பதற்காக வீட்டை வாங்கக் கூடாது. வாங்கத் தகுந்த வீட்டுக்கு மானியம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசியமான சில சோதனைகள்:

* 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அல்லது எட்டு ஃபிளாட்டுக்கு மேல் கட்டும் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2016-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். 'அப்ளை பண்ணியிருக்கோம் சார்' என்பது எண் அல்ல.

* விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதியாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதே சட்டம்தான்.

* வாங்குகிறவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். நம் காசில் இன்னொரு ஊரில் மாடி எழும்பக் கூடாது.

* சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும்.

* வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. நாலையும் உங்கள் வக்கீல் பார்க்க வேண்டும். விற்பவர் கூட்டிவரும் வக்கீல் அல்ல. 'பாங்க்கே லோன் குடுக்குது சார், அப்புறம் என்ன?' என்பார்கள். பாங்க் தன் கடனுக்காகப் பார்க்கிறது. உங்கள் ஆயுசுக்காக நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

* கட்டி முடியாத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. உண்டு. முடித்துச் சான்று வாங்கியதற்கு இல்லை. விலை பேசும்போதே கேளுங்கள்.

மொய்யை மண்டபத்தில் வையுங்கள்!

உதவி செய்ய மனசு இருக்கிறது. திட்டம் இருக்கிறது. பணமும் ஒதுக்குகிறார்கள். கேட்பது அதிகம் இல்லை. அந்த 1.80 லட்சத்தை அஞ்சு துண்டாக்கி அஞ்சு வருஷம் தருவதற்குப் பதில், பதிவு நாளன்றே தரலாமே! அல்லது 10 லட்சம் வரைதான் என்கிற பெண்கள் சலுகையை, முதல் வீடு வாங்கும் பெண்ணுக்கு மட்டுமாவது 35 லட்சம் வரைக்கும் நீட்டலாமே! ரிசர்வ் வங்கியும் அந்தப் பத்து லட்சம் விலக்கை இன்றைய விலைக்குத் தக்கபடி உயர்த்தலாமே! செலவு கூடப் பெரிதாக ஏறாது. தேதி மாறினால் போதும், எத்தனையோ நம்மவர்கள் வாசலைத் தாண்டிவிடுவார்கள்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை நம்மவர் சும்மா இருக்கலாமா? வீட்டு விளம்பரம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, முதலில் கைக்காசுக்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்கச் சொல்லிவிட்டார் வீட்டு அம்மா. விலையில் கால் பங்கு அதில் சேரும்வரை எந்த புரோக்கர் நம்பருக்கும் போன் போகக் கூடாது என்று உத்தரவு.

"கால் பங்கு எதுக்கும்மா? பாங்க்ல பத்துப் பர்சென்ட் போதும்ங்கறாங்களே?"

"பாங்க்குக்குப் பத்து போதும்ங்க. பத்திர ஆபீசுக்கும் வக்கீலுக்கும் பால்காரருக்கும் யாரு குடுப்பா?"

ரிசர்வ் வங்கி யோசிக்காததை அம்மா யோசித்துவிட்டார்!